டோன் யாருடைய காதுக்கு?

எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிற வாலிபனிடம், "சத்தத்தைக் கொஞ்சம் குறை தம்பி" என்று சொல்லிப் பாருங்கள். "குறைச்சா டோன் போயிடும் அங்கிள்" என்பான். சாக்குப்போக்கு என்று நினைக்காதேயுங்கள். வால்வு ஆம்ப்ளிஃபயர் விஷயத்தில் அவன் சொல்வது உண்மை.

வால்யூம் குறைவாக இருக்கும்போது வால்வு கம்பியின் ஓசையைக் கிட்டத்தட்ட அப்படியே பெரிதாக்கும். ஏற்ற ஏற்ற அது தன் எல்லையைத் தொட்டு, ஒலி அலையின் உச்சியை மழுக்கிவிடும். அந்த மழுக்கலில் மூல ஓசையில் இல்லாத மேல்சுரங்கள் பிறக்கும். கணக்குப்படி அது பழுது. காதுக்கோ இனிமை! விரல் மெதுவாய்ப் பட்டால் தெளிவு, அழுத்தினால் கரகரப்பு. மனுஷன் பாடுகிற மாதிரியே இருக்கும்.

1966-ல் லண்டன் டெக்கா ஸ்டுடியோவில், ஜான் மேயால் குழுவின் இசைத்தட்டுக்காக எரிக் கிளாப்டன் மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் வாசித்தார். அவ்வளவு சத்தம் அங்கே வழக்கமில்லை. அவரோ மேடையில் வாசிக்கிற அளவில்தான் வாசிப்பேன் என்று நின்றுவிட்டார். அந்த டோனை கிட்டார்காரர்கள் இன்றைக்கும் தேடி அலைகிறார்கள். அவர் செய்தது சரியா? சரிதான் என்பேன். இசைத்தட்டை வாங்கினவன் தன் வீட்டில் வேண்டிய அளவுக்குக் குறைத்துக் கேட்கலாமே. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பாட்டியம்மாவுக்கு அந்த வசதி உண்டா? 85 டெசிபெல் சத்தத்தை 8 மணி நேரம் தாங்கலாம் என்றால், 100 டெசிபெல்லுக்கு 15 நிமிஷம்தான் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனமான நையோஷ் சொல்லுகிற அளவு.

"என் கலை, என் டோன்" என்பார்கள். கேட்கிறவன் காதில் விழாத டோன் எங்கே இருக்கிறது? சற்று யோசியுங்கள்! ஆம்ப்ளிஃபயர் பெட்டி தரையில், வாசிக்கிறவன் நின்றுகொண்டு. கூர்மையான ஓசை ஸ்பீக்கருக்கு நேராகத்தான் பாயும். ஆகவே அவன் காதுக்கு மங்கல், டிரெபிளைத் திருகுகிறான். எதிரே இருப்பவருக்கு ஊசி குத்துகிறது! பெட்டியை ஒரு நாற்காலிமேல் ஏற்றி அவன் முகத்துக்கு நேரே திருப்பிவையுங்கள். யாரும் சொல்லாமலே குறைப்பான்.

100 வாட்டை விட்டு 50 வாட் வாங்கினால் சத்தம் பாதியாகும் என்று சிலர் பணத்தைக் கொட்டுகிறார்கள். குறைவது 3 டெசிபெல்தான், காதுக்குச் சொற்பம். 5 வாட் பெட்டிக்குப் போனால் வித்தியாசம் தெரியும். வால்வும் சீக்கிரம் தன் எல்லையைத் தொடும். அதே கிளாப்டன் 1970-ல் 'லைலா' தொகுப்புக்கு ஃபெண்டர் சாம்ப் என்ற குட்டிப் பெட்டியைத்தான் வைத்துக்கொண்டார். பெரிய பெட்டி ஏற்கனவே வீட்டில் இருந்தால், ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே மாட்டுகிற அட்டெனுவேட்டர் உண்டு. மிகவும் அடக்கினால் டோன் கொஞ்சம் சப்பையாகும், மறைக்க வேண்டியதில்லை.

வாங்குவதற்கு முன்னே ஒன்று செய்யலாம். கிட்டாரை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு, தம்பி இறங்கிப்போய்ப் பாட்டியம்மா பக்கத்தில் பத்து நிமிஷம் உட்காரட்டும்.