மடை திறக்கட்டும்

1898-ஆம் ஆண்டு. சுவாமி விவேகானந்தர் கல்கத்தாவின் அலிப்பூர் உயிரியல் பூங்காவுக்குச் சென்றார். சகோதரி நிவேதிதையும் உடனிருந்தார். பூங்காவின் கண்காணிப்பாளர் ராம்பிரம்ம சன்யால் அவர்களை அன்புடன் வரவேற்று எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார். பேச்சு டார்வினின் பரிணாமக் கொள்கையை நோக்கித் திரும்பியது.

சுவாமிஜி அக்கொள்கையை முற்றிலும் மறுக்கவில்லை. வாழ்வுக்கான போராட்டம் விலங்குலகிற்கு ஓரளவு பொருந்தலாம். மனிதன் உயர்வதோ போராட்டத்தால் அன்று, தியாகத்தால் என்று விளக்கினார். அதற்குப் பதஞ்சலி முனிவரின் கருத்தை ஆதாரமாகக் காட்டினார். யோக சூத்திரத்தின் நான்காம் பாதத்தில் ஓர் உழவன் வருகிறான். அவன் நீரை வயலுக்குள் தள்ளிக்கொண்டு போவதில்லை. குறுக்கே நிற்கும் வரப்பை வெட்டிவிடுகிறான். நீர் தன் இயல்பினாலேயே பாய்கிறது. அவ்வாறே, உயிரினுள் நிறைவு ஏற்கெனவே இருக்கிறது. தடை நீங்கும்போது வெளிப்படுகிறது.

வரப்பு எது?

மனித குலம் மிக நீண்ட காலம் சிறு சிறு கூட்டங்களாகவே வாழ்ந்தது. கிடைத்த உணவைப் பங்கிட்டு, ஒருவர் குழந்தையை மற்றவர் காத்து, ஒன்றாக நின்ற கூட்டமே பிழைத்தது. ஒருவருக்கொருவர் உதவும் இனங்களே மேலோங்கின என்று டார்வினும் 1871-இல் எழுதினார். தன்னவரிடம் பாசம், அயலாரிடம் ஐயம் என்ற இரண்டும் அந்தப் பழைய வாழ்வு விட்டுச் சென்ற சொத்து. இது பாவமன்று, இயல்பூக்கமே. ஆயினும் நீரைத் தேக்கி வைக்கும் வரப்பும் இதுவே.

இவ்வரப்பு எவ்வளவு எளிதில் எழும்பும் என்பதை 1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹாமா மாநிலத்தில் முசாபர் ஷெரீப் என்ற உளவியலாளர் நடத்திய சோதனை காட்டியது. பதினோரு வயதை ஒட்டிய 22 சிறுவர்கள். எல்லாரும் ஒரே நிறத்தினர், ஒரே சமயத்தினர், ஒத்த குடும்பச் சூழலில் வளர்ந்தவர்கள். அவர்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஆளுக்கொரு பெயர், ஒரு கொடி, சில போட்டிகள். அவ்வளவுதான்; சில நாட்களில் வசைமொழி கிளம்பியது, கொடி எரிந்தது, ஒரு குழுவின் குடிலுக்குள் மற்றொரு குழு புகுந்து சூறையாடியது.

ஒன்றாக உண்ண வைத்தும் பகை தணியவில்லை. பிறகு ஆய்வாளர்கள் வேறு வழி கண்டனர். முகாமுக்குக் குடிநீர் நின்றது. அனைவரும் சேர்ந்தே குறையைத் தேட வேண்டியிருந்தது. உணவு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்பவில்லை. எந்தக் கயிற்றின் இரு முனைகளைப் பற்றி எதிரெதிராக இழுத்தார்களோ, அதே கயிற்றை லாரியில் கட்டி எல்லாரும் ஒரே பக்கமாக இழுத்தனர். இத்தகைய பணிகளால் பகை படிப்படியாகக் கரைந்தது. வீடு திரும்பும்போது ஒரே பேருந்தில் செல்ல விரும்பினர்.

சமய வாழ்விலும்

ஆன்மிகப் பாதைக்கு வந்தவனிடமும் இந்த இயல்பூக்கம் உடை மாற்றிக்கொண்டு வரும். 'என் குரு', 'என் மன்றம்', 'எங்கள் பஜனை' என்ற சொற்களில் பக்தியும் இருக்கலாம், பழைய கூட்ட உணர்வும் ஒளிந்திருக்கலாம். அவற்றைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. அயல் மன்றத்தில் கூட்டம் பெருகியதென்று கேட்டதும் மனம் மகிழ்கிறதா, சுருங்குகிறதா? சுருங்குமானால், அங்கே வழிபடப்படுவது இறைவன் அன்று, கூட்டமே.

1899-இல் கல்கத்தாவில் பிளேக் நோய் பரவியது. ராமகிருஷ்ண மிஷனின் நிவாரணப் பணியில் சுவாமி சதானந்தரும் நிவேதிதையும் முன்னின்றனர். பாக்பஜாரின் ஈரம் கசியும் குடிசையொன்றில், நோயுற்ற குழந்தையை மடியில் ஏந்தியபடி நிவேதிதை அமர்ந்திருந்ததை மருத்துவர் ராதாகோவிந்த கர் கண்டார். அக்குடிசையின் சுவர்களுக்குத் தம் கையாலேயே சுண்ணாம்பு பூசினார். பிழைக்காது என்று தெரிந்தும் பணிவிடை தளரவில்லை. குழந்தை அவர் மடியிலேயே உயிர் நீத்தது.

அயர்லாந்தில் பிறந்தவர்; வேற்று மொழி, வேற்று நிறம். ஆனால் அந்த மடிக்கு அக்குழந்தை அயலானன்று. தாய்ப்பாசம் என்ற அதே பழைய இயல்பூக்கம்தான் அங்கும் பாய்ந்தது. வரப்பு மட்டும் வெட்டப்பட்டிருந்தது.

பாசத்தை அழிக்கும்படி எந்த மகானும் சொல்லவில்லை. அதன் எல்லையை விரிக்கவே சொன்னார்கள். அதற்கு மண்வெட்டி தொண்டு. தன் தெருவில், தன் கூட்டத்தைச் சேராத ஒருவருக்கு இன்று செய்யும் ஒரு சிறு பணிவிடையில் மடை திறக்கத் தொடங்கும்.