மலைவெள்ளமும் மனிதன் சுமத்தும் பழியும்

அரபு மொழியில் வெள்ளத்திற்குச் சொற்கள் பல. ஊர் உலகையெல்லாம் மூழ்கடிப்பது தூஃபான். மலையில் பெய்த மழை பள்ளத்தாக்கின் வழியே பாய்ந்து வருவது ஸைல். தூஃபானை இறைவனின் செயல் என்று மனிதன் ஏற்றுக்கொள்கிறான். ஸைல் வந்தாலோ, மேலே குடியிருப்பவன் ஏதோ செய்துவிட்டான் என்று ஐயுறுகிறான். இந்த ஐயம் நீதியானதுதானா?

1868 இலையுதிர் காலத்தில் சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலைகளில் பெருமழை கொட்டி ஆறுகள் கரைபுரண்டன. ஏறத்தாழ ஐம்பது பேர் மாண்டனர். காட்டை வெட்டியும் ஆடுகளை மேயவிட்டும் மலையைக் கெடுத்தவன் மலைவாழ் உழவனே என்று கற்றறிந்தோர் கூறினர். 1876இல் மலைக்காடுகளைக் காக்கும் சட்டம் பிறந்தது. உழவனுடைய விறகும் மேய்ச்சலும் சுருங்கின. காடு மெல்ல வளர்ந்தது. 1882க்குப் பின் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பேரழிவுகள் அரிதாகவே நேர்ந்தன. மரத்தின் புகழ் ஓங்கியதில் வியப்பில்லை.

ஆனால் 1987இல் ரூஸ் ஆறு பொங்கி, இருப்புப்பாதையையும் நெடுஞ்சாலையையும் பிய்த்தெறிந்தது. 2005இல் மீண்டும் பெருவெள்ளம். அப்போது காடு 1868இல் இருந்ததைவிட மிகுதி! பழைய ஆவணங்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் கிறிஸ்டியன் ஃபிஸ்டர், இடைப்பட்ட அமைதியை அழிவுகளின் இடைவெளி என்றே குறித்தார். அந்த அமைதியில் வானிலையின் போக்குக்கும் பங்குண்டு. மரத்துக்கு மட்டும் உரியதன்று அது.

இதை அளந்து பார்த்தவர்களும் உண்டு. எம்மென்டால் பகுதியில் இரண்டு சிறு ஓடைகளை 1903 முதல் அளந்தனர். ஒன்றின் சரிவு முழுவதும் காடு. மற்றொன்றில் பெரும்பகுதி புல்வெளி. குறுகிய நேரத்தில் கொட்டும் மழையில் காட்டோடையின் வெள்ளம் தணிந்தே வந்தது. பல நாள் மழையில் மண் ஊறி நிறைந்த பின்போ இரண்டுக்கும் வேறுபாடு காண்பது அரிதாயிற்று. நிறைந்த குடம் மேலும் நீர் கொள்ளாது அல்லவா? (மரம் வெட்டுவோர் இதில் ஆறுதல் தேட வேண்டாம். பனிச்சரிவையும் மண்ணரிப்பையும் தடுப்பதில் காட்டின் பணி பெரிது.)

இன்று வானமும் மாறிவிட்டது. வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும். முன்பு பனியாக மலைமேல் தங்கியது, இப்போது மழையாக உடனே இறங்குகிறது. அந்த வெப்பத்தை வளர்த்தது நிலக்கரியும் எண்ணெயும் எரித்த தொழில் உலகம். ஆற்றை நேராக்கி, அது பரவிக் கிடந்த தாழ்நிலத்தில் வீடும் ஆலையும் எழுப்பியவர்களும் சமவெளியாரே. ஆக, அன்று குற்றம் சாட்டிய தரப்பே இன்று கூண்டில் நிற்கிறது.

ஆல்ப்ஸில் எழுந்த அதே வழக்கு நூறாண்டு கழித்து இமயத்திலும் எழுந்தது. வங்கச் சமவெளியின் வெள்ளத்திற்கு நேபாள மலையுழவன் மரம் வெட்டியதே காரணம் என்று 1970களில் பலர் எழுதினர். 1989இல் ஜாக் ஐவ்ஸும் புரூனோ மெஸ்ஸெர்லியும் அதற்குத் தக்க சான்றில்லை என்று ஒரு நூலே எழுதி மறுத்தனர். பருவமழையின் அளவோடு ஒப்பிட்டால் அவ்வுழவனின் கோடரி மிகச் சிறிது. நாம் அவனுடைய அடுப்பு விறகை எண்ணினோம். நம் ஊர்களின் புகைபோக்கிகளை எண்ணத் தொடங்கியது வெகு காலம் கழித்துத்தான்.