எபிரேய வேதத்துத் தண்டமும் மறக்கருணையும்

யாழ்ப்பாணத்து ஆறுமுகநாவலர் பெர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைநின்றவர். சைவக்கிரியைகளை இகழ்ந்தார்க்கு, அவர்தம் எபிரேய வேதத்துக் கிரியைகளையே எடுத்துக்காட்டி 1854-இல் சைவதூஷணபரிகாரத்தால் விடையிறுத்தார். நம்மவருட் சிலரோ அவ்வேதத்துக் கொலைக்கதைகளை மாத்திரம் எடுத்துக்கொண்டு நகைத்து அமைகின்றனர். அது நாவலர் வழியன்று. பொருள் துணிந்தபின்னரே பேசுதல் சித்தாந்திகட்குக் கடன்.

அவ்வேதத்துள் தண்டம் இருவகைத்து. பிரளயமும் சோதோம் நகர் எரிந்ததும் கடவுள் தாமே செய்தவை. அமலேக்கியரை ஆண், பெண், பிள்ளை, பால்குடி, மாடு, ஆடு என வேறுபாடின்றி வெட்டுக என்பதோ, சாமுவேல் என்னும் தீர்க்கதரிசி வாயிலாகச் சவுலரசனுக்கு வந்த ஏவல்.

முன்னையது நமக்கு விளங்காததன்று. நிக்கிரகமும் அநுக்கிரகமே, தாய் தந்தையர் மகவை அடித்தல் போல்வது என்பது சிவஞானசித்தியார் கொள்கை. வினையளவை அறிவான் இறைவன் ஒருவனே ஆதலின் தண்டிக்கும் உரிமையும் அவனதே. உடம்பு நீங்கினும் உயிர் மறுபிறப்பெய்தும் என்பார்க்கு இது பொருந்தும். மறுபிறப்புக் கூறாத அந்நூலில், வெள்ளத்து மூழ்கிய மகவின் கணக்கு எங்ஙனம் தீரும் என்னும் வினா நிற்கும். நம் அருணையிலே பிரமன் பொய்யுரைத்தபோது, அருகு நின்ற திருமாலின் கையிலே பெருமான் வாள் கொடுத்திலர். தண்டம் அவரதே, பிரமன் கோயிற்பூசை இழந்தான்.

பின்னையதே இடர்ப்பாடுடையது. சாமுவேலாகமம் முதற்புத்தகத்தின் 15-ஆம் அதிகாரத்திலே அமலேக்கியரைக் குறித்து எண்ணப்பட்ட அடுக்கு, ஏறக்குறைய அவ்வாறே 22-ஆம் அதிகாரத்திலும் வருகின்றது. ஆண்டு வெட்டுண்டது நோபு என்னும் ஆசாரியர் ஊர். தாவீதுக்கு அப்பமும் வாளும் கொடுத்தார் என்னும் சினத்தாற் சவுல் ஏவ, தோவேக்கு என்னும் ஏதோமியன் ஆசாரியர் 85 பேரையும், ஊரிலுள்ள பால்குடிகளையும் கொன்றான். கடவுள் ஏவல் என்றதற்கும் மனிதன் பொறாமை என்றதற்கும் வாளின் வேலை ஒன்றே. வெட்டுண்ட மகவுக்கு யாது வேற்றுமை? அவ்வேற்றுமையை ஏவல்பெற்றவன் ஒருவனே சொல்லவல்லன். அவன் சொல்லை அளக்கக் கோல் இல்லை. வட அமெரிக்காவிற் குடியேறிய ஆங்கிலருட் காட்டன் மேதர் என்னும் போதகர், 1689-இல் அந்நாட்டுப் பழங்குடியினரோடு நிகழ்ந்த போரிலே அவர்களை அமலேக்கு என்றே பேசினார். ஏட்டிலிருந்த ஏவல் இங்ஙனம் வேறு தேயத்தார் கைக்கு வாளாயிற்று.

ஈண்டு நம்மவர் நகைப்பு அடங்குதற்குரியது. பஞ்சத்திலே சிவனமுதுக்கென வைத்த நெல்லை உண்ட சுற்றத்தாரையெல்லாம் வெட்டிய கோட்புலிநாயனார், எஞ்சிய பசுங்குழவியையும் விட்டிலர் என்று பெரியபுராணம் கூறுகின்றதே! பின்னே இறைவன் வெளிப்பட்டு, வெட்டுண்டாரையும் மேலுலகு சேர்த்தான் என்று விடை கூறுவர். மெய்யே. ஆயினும் அது தன்செயலற்ற ஓரடியார்க்கு நேர்ந்ததைக் கூறுவதன்றிப் பிறர்க்கு விதியன்று என்பது என் துணிபு. 'யான் தன்செயலற்றேன்' என்று ஒருவன் தானே சான்று கூறுவானாயின், அக்கூற்றே அவன் தன்முனைப்பைக் காட்டிவிடும்.

நாயனாரைத் தடுத்த காவலாளன், இக்குழவி அவ்வுணவை உண்டிலதே என்றான். யூதர்தம் தல்மூதிலே யோமா என்னும் பகுதியும் சவுலை அவ்வாறே வினவச் செய்கின்றது: பெரியோர் பிழைத்தார், சிறியோர் செய்த பிழை யாது? மிகையான நீதிமானாகாதே என்று அவனுக்கு ஓர் அசரீரி விடைகூறிற்றாம். நோபுவிலே அவன் வாளை ஏவியபோதும் அசரீரி எழுந்தது. மிகையான தீயனாகாதே என்று.