ஸதக்கா வேறு, ஹக்கு வேறு

வேலையில் இருக்கும்போது கை கால் சேதமான சிப்பந்திக்கு முதலாளியானவர் என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கிறார்? "கையில் கொஞ்சம் வெள்ளி கொடுத்தேன், ஊருக்கு டிக்கெட் எடுத்தேன், இனி அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று நம்மவர்களில் சிலர் திருப்தியோடு சொல்வதைக் கேட்கிறோம். சொல்பவர் நல்லவர்தாம், கொடுத்ததும் ஹலாலான பணம்தான். ஆயினும், அந்த மனிதருக்குச் சேர வேண்டியது அதுதானா என்பதை யோசிக்க வேண்டாமா?

மலேசியாவில் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1971 முதல் சொக்சோ நடந்து வருகிறது. வேலை விபத்துக்கான சந்தாவை முதலாளி மட்டுமே கட்டுகிறார். டாக்டர் லீவு நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால் தினக்கூலியில் நூற்றுக்கு 80 பங்கு கிடைக்கும். ஊனம் நிரந்தரமானால் அதன் அளவுக்குத் தக்கபடி வேறு தொகை உண்டு. இவை ஓரளவு நமக்குத் தெரிந்தவை. ஆனால், 2007-இல் தொடங்கிய 'மீண்டும் வேலைக்கு' என்னும் திட்டம் நம் கடைகளில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதற்கென உள்ள அதிகாரி அடிபட்டவரையும் டாக்டரையும் முதலாளியையும் கண்டு பேசுகிறார். பழைய இடத்தில் பழைய வேலையே பார்க்க முடியுமா என்பது முதல் யோசனை. இயலாவிட்டால் அங்கேயே வேறு வேலை. அதுவும் இயலாவிட்டால் வேறொரு தொழிலுக்குப் பழக்கிவிடுவது. மலாக்காவில் 2014-இல் திறந்த சொக்சோ மறுவாழ்வு மையத்தில் சிகிச்சையோடு தொழிற்பயிற்சியும் உண்டு.

மிளகாய் அரைக்கும் மெஷினில் வலது கை விரல்கள் மூன்றை இழந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூட்டை தூக்க முடியாது, பொட்டலம் கட்ட முடியாது. முதலாளி இரக்கப்பட்டு, கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைக்கிறார், சம்பளம் முன்போலவே. பார்க்கிறவர்கள் எல்லாரும் மெச்சுவார்கள். அவரும் நாளெல்லாம், "எங்கள் முதலாளி தங்கமானவர்" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு வருஷம் கழித்துக் கடை கைமாறினால்? கிரயப் பத்திரத்தில் அந்த இரக்கமும் சேர்த்து எழுதப்பட்டிருக்குமா?

நாயகம் (ஸல்) அவர்களிடம் அன்ஸாரி ஒருவர் யாசகம் கேட்டு வந்த வரலாறு அபூதாவூதில் உண்டு. நாம் குத்பாவில் கேட்டதுதான். வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். ஒரு விரிப்பும் தண்ணீர் குடிக்கும் பாத்திரமும் இருந்தன. அவற்றை ஏலம் போட்டு, இரண்டு திர்ஹம் ஆக்கி, ஒன்றில் குடும்பத்துக்கு உணவும் மற்றொன்றில் கோடரியும் வாங்கச் சொன்னார்கள். தங்கள் முபாரக்கான கையாலேயே அதற்குக் காம்பு பூட்டிக் கொடுத்து, விறகு வெட்டி விற்று வரும்படி பதினைந்து நாள் தவணையும் வைத்தார்கள். அவர் பத்துத் திர்ஹம் சம்பாதித்துத் திரும்பினார். கேட்ட உடனே கொஞ்சம் கொடுத்து அனுப்பியிருந்தால் காரியம் எவ்வளவு சுளுவாக முடிந்திருக்கும்! அப்படிச் செய்யாமல், ஏலத்துக்கும் காம்புக்கும் தவணைக்கும் பாடுபட்டார்கள் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

"நம் சந்தாப் பணத்தில் தொழில் படித்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டால்? நன்றி கெட்டவன் அல்லவா?" என்று ஒரு முதலாளி கேட்கலாம். நியாயம்போலத் தோன்றும் கேள்வி. ஆனால், சந்தா என்பது கடை வாடகையைப்போல, ஆள் வைத்து வேலை வாங்குவதற்கு நாம் கொடுக்கும் விலையில் ஒரு பகுதி. வாடகை வாங்குகிறவரிடம் நாம் நன்றியை எதிர்பார்க்கிறோமா? அவர் போனால் கடைக்கு ஓர் ஆள் குறையும். நஷ்டம்தான். அதைக் கடைக்கணக்கில் எழுதலாமே தவிர, அவர் பேரில் பற்று எழுத வழியில்லை. விரலை விட்டது நம் மெஷினில் அல்லவா?

விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டுமென்பது சட்டம். 'ஆபீஸ் அலைச்சல்' என்று அதை விட்டுவிட்டு, கையில் கவரைக் கொடுப்பவர் ஸதக்காவின் பெயரால் அந்த மனிதரின் ஹக்கை அமுக்கிவிடுகிறார். ஹஜ்ஜுக்குப் புறப்படுமுன் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அப்படிப்பட்ட சிப்பந்தியின் வீட்டுக்கும் போகிறோமா?

அடிபட்டவர்களுக்கும் சொல்ல உண்டு. "நாற்பத்தைந்து வயதில் சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து படிப்பதா? இது என் நஸீபு" என்று ஒதுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வெட்கம் புரிகிறது. ஆனாலும், மிச்சமிருக்கும் இரண்டு விரலும் அமானத்துத்தானே? மறுபடி சம்பாதித்தால் ஊனத்துக்கு வரும் பணம் நின்றுவிடுமோ என்ற பயமும் சிலருக்கு. நிரந்தர ஊனத்துக்கான மாதப் பணம் ஆயுளுக்கும் உரியது; வேலைக்குப் போவதால் அது போவதில்லை.

ஊரிலிருந்து பெர்மிட்டில் வந்த பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 ஜனவரி 1 முதல் அவர்களும் விபத்துத் திட்டத்தில் சேர்ந்தவர்கள். காயம் ஆறி, டாக்டர்கள் ஊனத்தை அளந்து சொல்லுமுன்னே அவர்களை அவசரமாக விமானம் ஏற்றிவிட்டால், அந்தப் பரிசோதனைக்கு நிற்க ஆள் இங்கே இருக்க மாட்டார். டிக்கெட்டைச் சற்றுப் பொறுத்து எடுக்கலாம்.