குறி இல்லாத வெடி

வட கொல்கத்தாவின் ஜோராசாங்கோவில், துப்பாக்கி வணிகத்தால் பெயர்பெற்ற நரசிங்க சந்திர தாவ் குடும்பத்தார் 1859 முதல் துர்கா பூசை நடத்திவருகிறார்கள். அங்கே சந்தி பூசையின்போது வின்செஸ்டர் நிறுவனத்தின் சிறு பீரங்கியை முழக்குவது வழக்கம். அஷ்டமியின் கடைசி 24 நிமிடமும் நவமியின் முதல் 24 நிமிடமும் சேர்ந்ததே சந்தி வேளை. தேவி சாமுண்டியாகிச் சண்டனையும் முண்டனையும் வதைத்தது அப்போதுதான் என்பது ஐதீகம். கொல்வதற்கென்றே செய்யப்பட்ட கருவி வழிபாட்டுக்குள் வரலாமா என்ற கேள்வி இங்கே எழுகிறது.

அதே நிறுவனத்தின் லீவர் துப்பாக்கியோடு ஒப்பிட்டால் கேள்வி தெளிவாகும். 1873 மாடல், 1884 முதல் .22 ரிம்ஃபயர் தோட்டாவுக்கும் வந்தது. இத்தோட்டாவின் அடிவிளிம்புக்குள் பற்றுமருந்து இருக்கும். சுத்தியல் தட்டும் ஊசி விளிம்பை நசுக்கினால் வெடிக்கும். லீவரை இறக்கினால் வெற்றுக்கூடு மேற்புறமாகத் தெறிக்கும். ஏற்றினால் அடுத்த தோட்டா உள்ளே போகும். ஆகவே குறிபார்க்கும் டெலஸ்கோப்பை நேர் மேலே வைக்க வழியில்லை. பக்கத்தில் துளையிட்டுத் திருகினால் பழம்பொருள் மதிப்பு கெடும். இப்படிப்பட்ட துப்பாக்கியை வாங்குபவர், அது காட்சிக்கா குறிபார்க்கவா என்று முடிவெடுத்தாக வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவும், பழுதுபார்த்தும் சுட முடியாத பழம்பொருளுக்கு மட்டுமே விலக்கு தருகிறது. சுடக்கூடியதற்கு லைசென்ஸ் வேண்டும். சட்டம் பார்ப்பது கருவியின் வல்லமையை.

சமயங்கள் வேறு இடங்களில் கோடு கிழிக்கின்றன. இல்லறத்தார் செய்யக்கூடாத ஐந்து வணிகங்களில் ஆயுத வணிகத்தை முதலாவதாக வைக்கிறது பௌத்த நூலான அங்குத்தர நிகாயம். யார், எதற்காகச் சுடுகிறார் என்று பார்க்கும் முன்பே விற்பவர்மேல் பழி விழுந்துவிடுகிறது. கீதையோ வில்லைக் குறை சொல்வதில்லை. கடமையைப் பற்றின்றிச் செய்கிறானா என்று ஏந்தியவனின் மனத்தைப் பார்க்கிறது.

சடங்கு மூன்றாவது வழியில் போகிறது. தமிழ்நாட்டில் ஆயுத பூசையன்று கருவிகளுக்குப் பொட்டிட்டு ஓய்வு கொடுப்பார்கள். கொல்கத்தாவில் கருவி இயங்குகிறது. ஆனால் அதற்குக் குறி இல்லை. மருந்து எரிகிறது, ஓசை எழுகிறது, யார்மேலும் எதுவும் பாய்வதில்லை. ஆயுதத்தை ஆயுதமாக்குவது குறி என்றால், அதை நீக்கியதும் எஞ்சுவது மங்கல வாத்தியத்துக்கு நிகரான ஒலி மட்டுமே.

ஆனாலும் இந்த விடை பூசை வேளைக்கே பொருந்தும். கடையில் விற்ற துப்பாக்கி எதைக் குறிபார்க்கும் என்பது சடங்கின் கையில் இல்லை. பௌத்தம் எழுப்பும் ஆட்சேபம் அந்த இடத்தில் அப்படியே நிற்கிறது.