தெற்கு வெயிலில் ஒரு கொடி

போன கார்த்திகையில் என் மகளுக்கு இடுப்பைச் சுற்றிப் படர்தாமரை வந்தது. கல்லூரிக்குப் போகிற பிள்ளை. சொல்லக் கூச்சப்பட்டு மூன்று வாரம் மறைத்து வைத்திருந்தாள். தோல் மருத்துவரிடம் கூட்டிப் போனேன். களிம்பும் மாத்திரையும் எழுதிவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "உள்ளாடையெல்லாம் வீட்ல எங்க காயப்போடுறீங்க?"

பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. குளியலறைக் கதவுக்குப் பின்னால் இரண்டு ஆணி அடித்து நைலான் கயிறு கட்டியிருக்கிறோம். அதில்தான் என்னுடையது, என் அம்மாவுடையது, மகளுடையது எல்லாம் காயும். அடைமழை நாளில் இரண்டு நாள் ஆனாலும் பட்டையில் ஈரம் போகாது. அந்த ஈரத்தோடேயே எடுத்து உடுத்திக்கொள்வோம். மருத்துவர் அதட்டவில்லை. "வெயில்ல போடுங்க. வெயில் இல்லாத நாள்ல நல்லா இஸ்திரி போட்டு உடுத்துங்க. ஈரம் இருக்கிற இடத்தைத்தான் பூஞ்சை தேடி வரும்" என்றார்.

வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதே வீட்டில் என் கணவரின் வேட்டியும் பனியனும் பின்பக்கம் காற்றில் காய்கின்றன. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். இந்தக் கணக்கை ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. என் பிள்ளையின் உடம்பு அதற்கு விலை கொடுத்திருக்கிறது.

கொடி கட்ட வேண்டும் என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது. எங்கே என்பதுதான் பிரச்சினை. மதுரைக்கு மேற்கே நாகமலை அடிவாரத்தில் எங்கள் வீடு, தெற்குப் பார்த்த வாசல். மாடியில் குடியிருப்பவர்களுக்கு மொட்டைமாடி. அம்மாவுக்குப் படியேற முழங்கால் இடம் கொடுக்காது. மிச்சம் இருப்பது வீட்டுக்குப் பின்னால் 10 அடி அகலத்தில் ஒரு சந்தும், முன்னால் சின்னத் தோட்டமும்.

பின்பக்கம் போதாதா என்று எல்லோரும் கேட்டார்கள். அங்கே ஒரு முருங்கை நிற்கிறது. மழை பிடித்தால் அதன் தண்டெல்லாம் கம்பளிப்பூச்சி அப்பிக் கிடக்கும். அதன் ரோமம் துணியில் ஒட்டினால் உடுத்தியவருக்கு நாள் முழுக்க அரிப்புத்தான். மரத்தையாவது கழித்துவிடலாம், நிழலை என்ன செய்வது? சித்திரை பிறக்கும்போது மதுரையில் உச்சிப்பொழுதுச் சூரியன் ஏறக்குறைய நம் தலைக்கு நேரே நிற்கும். அதிலிருந்து ஆவணி வரை வடக்கே சாய்ந்து போகும். பிறகு தெற்கே இறங்க ஆரம்பித்து, மார்கழி முதல் வாரத்தில் உச்சிவேளையில்கூட 57 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது. 20 அடி உயர வீடு அப்போது வடக்கே 13 அடிக்கு நிழல் போடும். பின்சந்து மொத்தமே 10 அடி. ஆக, எதைப் போட்டாலும் காய்ந்துவிடுகிற சித்திரை வைகாசியில் அங்கே வெயில் உண்டு. துணி காயாமல் தவிக்கிற கார்த்திகை மார்கழியில் கிடையாது. வெயில் முழுதும் வாசல் பக்கத்தில்தான்.

"வாசல்ல போய் இதையெல்லாம் தொங்கவிடுவாங்களாடி? தெருவுல போறவன் என்ன நினைப்பான்?" அம்மாவுக்குக் குரல் நடுங்கியது. அவருக்கு 79 வயது. கோபத்தைவிடப் பயம்தான் அதில் அதிகம் இருந்தது.

"தெருவுல போறவனுக்கா படர்தாமரை வந்துச்சு, அம்மாச்சி? எனக்குத்தான வந்துச்சு?" என் மகள் அழாத குறையாகக் கேட்டாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். நான் பெரிய மனுஷியான காலத்தில் மாதத் துணியைக் காயப்போடத் தொழுவத்தில் ஓர் இடம் உண்டு. வைக்கோல் படப்புக்கும் சுவருக்கும் நடுவே கை மட்டும் நுழைகிற சந்து. இருட்டினபிறகு கொண்டுபோய்ச் செருகிவிட்டு, விடியுமுன் எடுத்துவர வேண்டும். ஆண்கள் கண்ணில் படக்கூடாது, சூரியன் கண்ணிலும் படக்கூடாது. எடுத்ததும் அம்மா சொல்லிக்கொடுத்த முதல் பாடம், மூன்று தடவை உதறு என்பது. ஏனென்று அப்போது கேட்கவில்லை. ஒருநாள் உதறும்போது விரல் நீளப் பூரான் ஒன்று என் பாதத்தருகே விழுந்து ஓடியது. அம்மா அதைப் பார்த்தார். மறுநாளும் அதே சந்தில்தான் துணி காய்ந்தது. வேறிடம் தேடலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எங்கள் உடம்பைவிட அந்த மறைப்புப் பெரிதாக இருந்திருக்கிறது.

பாட்டி காலத்தில் அந்தத் துணியைத் துவைக்கவே ஊரில் இன்னொரு பெண் இருந்தாள். மாற்றுத்துணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தீட்டுத்துணியை மூட்டைகட்டிச் சுமந்து போவாள். சோறு வாங்க வீட்டுப் பின்னால்தான் வந்து நிற்பாள். நம்முடைய கூச்சத்தைக் காப்பாற்றிய கைகளுக்கு நாம் கொடுத்த மரியாதை அவ்வளவுதான். இமையம் 1994இல் எழுதிய 'கோவேறு கழுதைகள்' அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தின் கதை. அதைப் படித்த பிறகு எங்கள் ஊர்த் தெருவை என்னால் பழைய மாதிரி நினைத்துப்பார்க்க முடியவில்லை.

பிறகு நாப்கின் வந்தது. மனைவி மறைத்து எடுத்துப் போன கந்தல் துணியைப் பார்த்துத்தான், மலிவாக நாப்கின் செய்யும் இயந்திரத்தை உருவாக்கப் புறப்பட்டார் கோவை அருணாசலம் முருகானந்தம். தொழுவத்துச் சந்திலிருந்து எத்தனையோ வீட்டுப் பெண்களை நாப்கின் விடுவித்தது. ஆனால் துணி போனதே தவிர மறைக்கிற பழக்கம் போகவில்லை. அது மெதுவாக வீட்டுக்குள் வந்து குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியடித்துக்கொண்டது. வெளியே காயப்போட்டாலும் பாவாடைக்கு மேல் ஒரு துண்டு, பாடிக்கு மேல் ஒரு நைட்டி. காய வேண்டியது அடியில் வெந்துகொண்டிருக்கும்.

சின்ன வயதில் பஸ்ஸில் மதுரை ஏ.வி. பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் ஜன்னலோரம் முண்டியடித்து உட்காருவேன். கீழே வைகை மணல் முழுக்கச் சேலையும் வேட்டியும் விரித்துக் கிடக்கும். ஊர்ப்பட்ட கூட்டம் மேலே போய்க்கொண்டிருக்கும். யாரும் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. யாருடையது என்று தெரியாதவரை துணி வெறும் துணி. வீட்டு வாசலுக்கு வந்ததும் அதற்கு முகம் முளைத்துவிடுகிறது.

காயும் துணி கண்ணுக்கு அசிங்கம் என்று நினைப்பது நம்மூரில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் பல குடியிருப்புச் சங்கங்கள் வெளியே கொடி கட்டவே தடை போட்டிருக்கின்றன. அப்படித் தடுக்கக் கூடாது என்று ஃப்ளோரிடா போன்ற சில மாநிலங்கள் சட்டம் எழுத வேண்டி வந்தது. வெயிலில் துணி காயப்போடுவதற்குச் சட்டம்! சென்னையில் தங்கை குடியிருக்கும் அடுக்குமாடியிலும் பால்கனிக் கைப்பிடியில் ஒரு கைக்குட்டை தொங்கினால் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்துவிடுகிறதாம்.

கொடி வேலைக்கு வந்தவர் பக்கத்துத் தெரு வெல்டர். ஒரு காலத்தில் என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த பையன். இரண்டு அங்குல ஜி.ஐ. குழாயில் டி வடிவத்தில் இரண்டு கம்பம் செய்தார். மல்லிகைத் தொட்டிகளை ஒதுக்கிவிட்டு, தரைக்குள் இரண்டடி இறக்கிக் கான்கிரீட் போட்டார். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். கயிறா கம்பியா என்று பேச்சு வந்தபோது அனுபவம் உள்ளவராகப் பேசினார். தேங்காய்நார்க் கயிறு நனைந்தால் வெள்ளைத் துணியில் காவி ஏறும். சும்மா இரும்புக் கம்பி துருக்கறை வைக்கும். நைலான் வெயிலில் நைந்து பொடியாக உதிரும். கடைசியில் எஸ்.எஸ். கம்பி என்று முடிவானது.

கம்பியைப் பூட்டும்போது, "நல்லா விறைப்பா இழுத்துக் கட்டுங்க தம்பி, தொய்ஞ்சா நல்லா இருக்காது" என்றேன்.

"வேணாம் டீச்சர். ரொம்ப இழுத்தா கம்பம் உள்பக்கம் சாஞ்சுரும். கொஞ்சம் தொய்வு விடணும்."

அவர் போனபிறகு ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். கம்பங்களுக்கு நடுவே 20 அடி. நட்டநடுவில் 10 கிலோவுக்கு நனைந்த ஜமுக்காளம் ஒன்று தொங்குவதாக வைத்துக்கொள்வோம். கம்பி ஓரடி தொய்ந்து நின்றால் அதில் ஏறுகிற இழுப்பு ஏறக்குறைய 50 கிலோ. அரையடிதான் தொய்வு என்றால் 100 கிலோ. கால் அடி என்றால் 200. தொய்வு பாதியாகப் பாதியாகக் கம்பத்தின் பாடு இரட்டிக்கிறது. விறைப்பாக நிற்க வேண்டும் என்று எத்தனை வீடுகளில் எத்தனை பேரைப் போட்டு இழுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே அந்தத் தாளை மடித்து வைத்தேன்.

மூன்று கம்பியில் இரண்டை ஆறடி உயரத்தில் கட்டச் சொல்லியிருந்தேன். மூன்றாவது அம்மாவுக்காக. அவருக்குத் தோள்பட்டை பிடித்துப்போய் வலது கை நெஞ்சுக்கு மேல் எழாது. இரண்டு வருடமாகத் தன் துணியை அலசிப் பிழிந்துவிட்டு, யாராவது வந்து போடட்டும் என்று வாளியோடு காத்திருப்பார். யாரும் வராவிட்டால் கதவுக்குப் பின்னால் இருக்கிற கயிற்றுக்கே போவார், அதுதான் அவர் கைக்கு எட்டும். அவரை நிற்கவைத்து, கை எழுகிற அளவுக்குச் சாக்பீஸால் கம்பத்தில் கோடு போட்டோம். நாலடிக்கும் கொஞ்சம் குறைவு. தெருப்பக்கம் பார்த்த கம்பி அதுதான். தெற்கு வெயில் முதலில் அதன்மேல்தான் விழும்.

முதல் நாள் மகளே எல்லாவற்றையும் போட்டாள். தன்னுடையதை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, உதறி, கிளிப்பு மாட்டினாள். ஒன்றின்மேல் ஒன்று படவில்லை. தெருவில் பால்காரர் போனார், பள்ளிக்கூட வேன் போனது. எதிர்வீட்டு அக்கா கேட்டைத் திறந்துகொண்டு வந்து கம்பத்தை ஆட்டிப் பார்த்து, என்ன செலவாச்சு என்று மட்டும் கேட்டார். எனக்கு நெஞ்சு படபடத்துக்கொண்டுதான் இருந்தது. ஐம்பது வருடப் பழக்கம் ஒரு காலையில் அடங்கிவிடாது.

அம்மா ஒரு வாரம் அந்தப் பக்கம் வரவே இல்லை. மார்கழி பாதியில் ஒருநாள், கோலம் காய்ந்து வெயில் ஏறின நேரத்தில், வாளியோடு வந்து நின்றார். நான் உள்ளேயே இருந்துவிட்டேன். தாழ்ந்த கம்பியில் பாவாடையைப் போட்டார். பக்கத்தில் தன் பாடியைப் போட்டு, அதன்மேல் ஒரு பூத்துண்டை விரித்து நான்கு மூலையையும் இழுத்துவிட்டார். யாரும் எதுவும் சொல்லவில்லை.

பதினொரு மணி வாக்கில் வீட்டோரத் தென்னையின் நிழல் அந்த இடத்துக்கு நகர்ந்திருந்தது. அம்மா மறுபடி வெளியே வந்தார். துண்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். "பட்டை இன்னும் காயல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பாடியை உருவி எடுத்து, உட்புறம் திருப்பி உதறி, நாலடி தள்ளி வெயில் விழுகிற இடத்தில் போட்டார்.

துண்டு பழைய இடத்திலேயே கிடந்தது.