வில்லடியில் கேட்டதும் நாவலில் வாசித்ததும்

ஒரு நாவலைப் பற்றி வாசகர் சொல்லும் கருத்து சுவை பற்றியதா, உண்மை பற்றியதா என்ற கேள்வி, வரலாற்று நாவலின் முன் வரும்போது அறம் பற்றிய கேள்வியாகவும் ஆகிவிடுகிறது. ஏனெனில் அங்கே பாத்திரமாக நடமாடுபவர் ஒருகாலத்தில் உயிரோடிருந்தவர், தம்மைப் பற்றி எழுதப்பட்டதை மறுத்துரைக்க இயலாதவர். நாஞ்சில் நாட்டில் இதற்கு நேரான சான்று உண்டு. சி.வி. இராமன் பிள்ளை 1891-இல் வெளியிட்ட 'மார்த்தாண்டவர்மா', மலையாளத்தின் முதல் வரலாற்று நாவல். 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மன்னர் பட்டமேறுவதற்கு முந்தைய நாள்களை, பத்மநாபபுரத்தையும் சாரோட்டுக் கொட்டாரத்தையும் களமாக்கிச் சொல்வது. முந்தைய மன்னர் இராமவர்மாவின் மக்களான தம்பிமார் இருவரும் அதில் சதிகாரர்கள். பின்னாளில் நாகர்கோவிலில் கொல்லப்பட்ட அதே இருவரை, 'வலிய தம்பி குஞ்சுத் தம்பி கதை' என்னும் வில்லுப்பாட்டு வஞ்சிக்கப்பட்டவர்களாகப் பாடுகிறது. அவர்களுடைய தங்கையை மார்த்தாண்டவர்மா மணம் கேட்டதும் அது கைகூடாமல் போனதுமே பகைக்கு வேர் என்பது பாட்டின் கட்சி.

தம்பிமாரை விலக்கி இராமவர்மாவின் மருமகனான மார்த்தாண்டவர்மாவுக்கு அரியணையைத் தந்த மருமக்கள்வழி, அதாவது சொத்தும் உரிமையும் மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குச் சேரும் முறை, அரச குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று. நாஞ்சில் நாட்டு வேளாளரிடமும் அது நடப்பில் இருந்தது. தகப்பன் சொத்தில் மக்களுக்கு 'உகந்துடைமை' என்ற சிறு பங்குக்கு மேல் கிடையாது என்ற நிலையைத்தான் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தமது 'மருமக்கள்வழி மான்மிய'த்தில் எள்ளிப் பாடினார். ஆகவே, மன்னனுக்கு மகனாகப் பிறந்தும் மருமகனுக்கு வழிவிட வேண்டியிருந்த இருவரின் கதையைக் கேட்ட கூட்டத்தில், தன் வீட்டு வழக்கை அதில் கண்டவர்கள் இருந்திருப்பர் என்று கருதலாம்.

இத்தகைய வில்லுப்பாட்டுகள் பாடப்படும் இடம் கொடை, அதாவது நாட்டார் தெய்வக் கோயிலின் விழா. அங்கே வில்லின் நாணில் வீசுகோல் விழ, குடமும் உடுக்கும் சேர, பாடுபவர் கதையைக் கொலைக் கட்டத்தை நோக்கி நகர்த்துகையில் கோமரத்தாடி, அதாவது தெய்வம் ஏறி ஆடுபவர், துள்ளி எழுவார். வெட்டுப்பட்டு அகாலத்தில் மாண்டவர் வாதை என்னும் ஆவியாகி, பூசை பெற்றுத் தெய்வமாவார் என்பது அம்மரபின் நம்பிக்கை. படையலின் முன் நிற்பவரிடம் கதை எப்படி இருந்தது என்று கேட்பதில் பொருளில்லை. அவர் மதிப்பிட வரவில்லை, மாண்டவருக்குப் பட்ட கடனைத் தீர்க்க வந்திருக்கிறார்.

இதற்கு மாறாக, காசுமீரச் சைவ அறிஞரான அபிநவகுப்தர், ரசம் எனப்படும் கலைச்சுவை பிறப்பதற்கு ஏழு தடைகள் உண்டென்றார். அவற்றுள் ஒன்று, காண்பதைத் தன்னுடையது அல்லது பிறனுடையது என்று இடத்தோடும் காலத்தோடும் பிணைத்துக்கொள்வது. அப்பிணைப்பு அவிழ்ந்து, துயரம் எவர்க்கும் தனியுரிமை இல்லாத பொதுத் துயரமாகும் நிலையே 'சாதாரணீகரணம்', அதாவது பொதுமையாக்கம். அதற்கு இசைந்த மனமுடையவரே 'சஹ்ருதயர்'. இந்த அளவுகோலின்படி கொடைக் கூட்டம் தேறாது. அவர் தடை என்றது எதுவோ அதுவே, 'நம்மூர், நம்மாள்' என்ற அந்தப் பிணைப்பே, அங்கே கதைக்குள் நுழையும் வாசல்.

சமகால நாவலில் நெருக்கடி இன்னும் கூடுதல். நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' (1968) இரணியலையும், தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988) தேங்காய்ப்பட்டணத்துக் கடற்கரையையும், பொன்னீலனின் 'மறுபக்கம்' (2010) 1982-ஆம் ஆண்டின் மண்டைக்காட்டுக் கலவரத்தையும் எடுத்துக்கொண்டவை. இத்தகைய நாவல்களில் ஊர்க்காரர் 'இது இன்னார்' என்று ஆள் தேடுவதையும், 'எங்களவரை இப்படி எழுதலாமா' என்று சினப்பதையும் ரசனைக் குறைவென்று தள்ளிவிடுவது எளிது. அது அவசரத் தீர்ப்பு. அச்சினத்தில் மாண்டவர்க்காகப் பேசும் ஓர் அறக்கோரிக்கை இருக்கிறது. ஆனால் அது 'நியாயமாக எழுது' என்பது வரைதான் செல்லும், 'புகழ்ந்து எழுது' என்பது வரை செல்லாது. இராமன் பிள்ளையின் நாவல் வென்றவர் பக்கம் நின்றதென்றால் தம்பிமார் பாட்டு கொல்லப்பட்டவர் பக்கம் நின்றது. இரண்டில் எதுவும் ஆவணமன்று. 'மார்த்தாண்டவர்மா' தமிழிலும் வந்திருக்கிறது, தம்பிமார் கதையும் அச்சேறியிருக்கிறது. ஒன்றை வாசித்தவர் மற்றொன்றையும் வாசித்த பிறகே எவர் சதிகாரர் என்று சொல்ல முற்படட்டும்.